1956-க்கு என் ஆறு சரக்குப் பெட்டிகளின் பெயின்ட் சரிதானா?

மேசைரயில் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வீட்டில் ஒரு சுவர் ஓரமாக 12 அடிப் பலகை போட்டு எச்ஓ அளவில் (அசலில் 87-ல் ஒரு பங்கு) ஒரு சின்ன மாடல் ரயில் லே-அவுட் கட்டிக்கொண்டிருக்கிறேன். இடம் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு கற்பனை ஊர். பென்சில்வேனியா ரயில்ரோடு என்ற ரயில் கம்பெனியின் கிளைப் பாதை ஒன்று அங்கே வருகிறது. காலம் 1956 அக்டோபர். அந்த ரயில்ரோட்டில் நீராவி 1957-ல் முடிந்துவிட்டது. நீராவியும் டீசலும் ஒரே யார்டில் நிற்பதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் இந்த வருடம்.

போன மாதம் ஆறு சரக்குப் பெட்டிகள் வாங்கினேன். ஒன்று, பென்சில்வேனியாவின் எக்ஸ் 29 வகை பாக்ஸ்கார், அதாவது கூரையோடு மூடிய சரக்குப் பெட்டி. பழுப்பு நிறம், வெறும் கீஸ்டோன் (வளைவின் உச்சிக் கல்) வடிவச் சின்னம், அதைச் சுற்றி வட்டம் எதுவும் இல்லை. இரண்டாவது நியூயார்க் சென்ட்ரலின் பேஸ்மேக்கர், மேலே சிவப்பு, கீழே சாம்பல். மூன்றாவது நீலம், வெள்ளை, சிவப்பு என்று கொடி மாதிரி மூன்று பட்டை போட்ட ‘ஸ்டேட் ஆஃப் மெய்ன்’. நான்காவது கிரேட் நார்தர்ன், வான நீலம். ஐந்தாவது ஒரு பீர் கம்பெனியின் விளம்பரம் பெரிதாக எழுதிய ரீஃபர், அதாவது ஐஸ் வைத்துக் குளிரூட்டும் பெட்டி. ஆறாவது சாண்டா ஃபேயின் பழுப்பு பாக்ஸ்கார், ‘சூப்பர் சீஃப்’ வாசகத்தோடு.

எல்லாமே அசலில் ஓடியவைதான் என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். எனக்கு அந்தக் கொடிப் பெட்டியின் மேல்தான் சந்தேகம். பொம்மைக்காக யாரோ கற்பனை செய்தது போல இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

எச்ஓ_எண்பத்தேழு எழுதியது:

வாழ்த்துகள் நண்பரே. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆறும் அசலில் இருந்த பெயின்ட்தான். ஆனால் அவை ஆறும் ஒரே நாளில் ஒரே யார்டில் நின்றிருக்க முடியாது.

நீங்கள் சந்தேகப்படும் கொடிப் பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன். அது முழுக்க உண்மை. மெய்ன் மாநிலத்தின் பாங்கர் அண்ட் அரூஸ்டுக் ரயில்ரோடு 1950-ல் அந்தப் பெயின்டைக் கொண்டுவந்தது. அங்கே உருளைக்கிழங்குதான் பெரிய விளைச்சல். குளிர்காலத்தில் அது உறைந்துவிடக் கூடாது என்பதால் உட்சுவரில் வெப்பக்காப்பு வைத்த பாக்ஸ்கார்கள் வேண்டியிருந்தன. மாநிலத்தின் விளைபொருளுக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று மூன்று பட்டை அடித்தார்கள். நியூ ஹேவன் ரயில்ரோட்டிடமும் இதே பெயின்டில் பெட்டிகள் இருந்தன. 1956-ல் உங்கள் ஊருக்கு உருளைக்கிழங்கு மூட்டைகளோடு அது வந்து நிற்கலாம். தாராளமாக வையுங்கள்.

இப்போது நீங்கள் சந்தேகமே படாத எக்ஸ் 29-க்கு வருவோம். பெட்டி சரி. 1924-லிருந்து பென்சில்வேனியா இவற்றைக் கட்டியது, மொத்தம் ஏறக்குறைய 29,000. 1956-ல் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. நிறமும் சரி. சின்னம்தான் தவறு. நீண்ட காலம் இருந்தது வட்டத்துக்குள் கீஸ்டோன். 1954-ல் நிழல் விழுந்தது போன்ற பெரிய கீஸ்டோன் வந்தது. நீங்கள் சொல்லும் வெறும் கீஸ்டோன் 1961 வாக்கில்தான் வருகிறது. உங்கள் ஊரில் இன்னும் ஐந்து வருடம் கழித்துத்தான் அதைப் பார்க்க முடியும்.

கிரேட் நார்தர்ன் வான நீலம் 1967-ல் வந்தது. ‘பிக் ஸ்கை புளூ’ என்பார்கள். 1970 மார்ச் 2-ல் அந்த ரயில்ரோடு பர்லிங்டன் நார்தர்னில் கலந்துவிட்டது. மூன்று வருடம்கூட நிறையாத நிறம். அழகான நிறம்தான், ஆனால் உங்கள் 1956-க்குப் பொருந்தாது.

பீர் ரீஃபருக்கு உங்கள் ஊர் காலம் கடந்த ஊர். வாடகைக்கு எடுத்த ரீஃபரில் தன் கம்பெனி விளம்பரத்தை எழுதிக்கொள்ளும் வழக்கத்துக்கு 1934-ல் ரயில் கட்டணங்களைக் கட்டுப்படுத்திய அரசு அமைப்பான இன்டர்ஸ்டேட் காமர்ஸ் கமிஷன் தடை போட்டது. 1937 தொடக்கத்துக்குள் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்று கெடு. டீசல் இன்ஜினுக்குப் பின்னால் இந்த மாதிரி ரீஃபர் நிற்கும் படங்களை மாடல் பத்திரிகைகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் சுருங்கும். எஃப் வகைச் சரக்கு டீசலே 1939-ல்தான் பிறந்தது.

பேஸ்மேக்கர் சரி. நியூயார்க்கில் மாலை ஏற்றிய சில்லறைச் சரக்கு மறுநாள் காலை பஃபலோவில் இருக்கும் என்று 1946-ல் தொடங்கிய விரைவுச் சேவைக்கான பெட்டி அது. பத்து வருடம் ஆகிவிட்டதால் சிவப்பு மங்கியிருக்கட்டும்.

சாண்டா ஃபே பெட்டியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துச் சொல்லுங்கள்.

மேசைரயில் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. படித்துவிட்டு ரொம்ப நேரம் அந்த எக்ஸ் 29-ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன். பழுப்பு நிறப் பெட்டி, சொந்த ரயில்ரோட்டின் பெட்டி. அதில் தவறு இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

சாண்டா ஃபேயில் இரண்டு பக்கமும் ‘சூப்பர் சீஃப்’ என்றுதான் இருக்கிறது. அதில் ஏதாவது பிரச்சினையா?

எச்ஓ_எண்பத்தேழு எழுதியது:

பிரச்சினைதான். 1940-களில் சாண்டா ஃபே ஒரு பக்கம் தன் பாதைகளின் வரைபடத்தை எழுதியது, மறுபக்கம் ஒரு பயணி ரயிலின் பெயர். ‘சூப்பர் சீஃப்’, ‘தி சீஃப்’, ‘எல் கேபிடன்’, ‘ஸ்கௌட்’, அப்புறம் ‘கிராண்ட் கேன்யன் லைன்’. ஒரே வரிசைப் பெட்டிகளிலும் பெயர் மாறி மாறி வரும். அச்சுத் தகடு ஒன்று மிச்சமாகட்டும் என்று மலிவு மாடல்களில் இரு பக்கமும் ஒன்றையே போட்டுவிடுவார்கள். வருத்தப்பட வேண்டாம். உங்கள் பலகை சுவரோரம்தானே? பார்ப்பவருக்குத் தெரிவது ஒரு பக்கம் மட்டும்தான்.

குட்டிரயில் எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து சொல்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மகளுக்கு ஒன்பது வயது. நானும் அவளும் சேர்ந்து ரயில் ஓட்டுகிறோம். அவளுக்குப் பிடித்தது வான நீலம்தான். 1967 என்று சொல்லி அதை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னால் அவள் நாளைக்கு இந்தப் பக்கமே வர மாட்டாள்.

கம்பெனிகளையும் குறை சொல்ல முடியாது. ஒரு பெட்டிக்கு வார்ப்பு அச்சு செய்ய ஏராளமான பணம் ஆகும். அதை ஒரே ஒரு பெயின்டில் விற்றால் கட்டுபடியாகாது. நாற்பது ரயில்ரோடு பெயரில் விற்றால்தான் நமக்கு வாங்கக்கூடிய விலையில் கிடைக்கும். அந்த நாற்பதில் பத்து தவறாக இருந்தால் என்ன? ஒவ்வொரு ரிவெட்டையும் எண்ணிச் சரிபார்க்கும் ஆட்கள் வேறு மாடலுக்குப் போகட்டும். இந்தப் பொழுதுபோக்கு உயிரோடு இருப்பதே வண்ணம் பார்த்து வாங்குபவர்களால்தான்.

சிகாகோ_யார்டு எழுதியது:

குட்டிரயில் அண்ணா சொல்வதில் பாதியை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். குழந்தைக்கு எந்தத் தேதியும் வேண்டாம். நானும் நீலப் பெட்டியைப் பார்த்துத்தான் இதற்குள் வந்தேன்.

வண்ணம் பார்த்து விற்பதிலும் ஒரு எல்லை உண்டு என்பதற்கு லயனல் கம்பெனியின் கதை இருக்கிறது. 1957-ல் பெண் குழந்தைகளுக்கு என்று இளஞ்சிவப்பு இன்ஜினும் வெளிர் நிறப் பெட்டிகளுமாக ஒரு ரயில் போட்டார்கள். அன்று அது விற்கவில்லை. ரயில் ரயில் மாதிரிதான் இருக்க வேண்டும் என்று அந்தக் குழந்தைகளே நினைத்தார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். இன்று சேகரிப்பவர்கள் பெரிய விலை கொடுத்து வாங்குவது வேறு விஷயம்.

இன்னொரு பாதிக்கு வருகிறேன். ஒரே உடலில் பல ரயில்ரோடு பெயர் போடுவது எப்போதும் ஏமாற்று வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதுவும் சரியில்லை. முதல் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ரயில்வேக்களைத் தன் கையில் எடுத்துக்கொண்டு 1918-ல் பொதுவான வடிவங்களில் சுமார் 50,000 பாக்ஸ்கார்களைக் கட்டிப் பல ரயில்ரோடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. யுஎஸ்ஆர்ஏ பெட்டிகள் என்பது அவைதான். அதன் மாடல் ஒன்றை எடுத்து இருபது பெயர் போட்டாலும் அவற்றில் பெரும்பாலானவை உண்மையாகவே இருக்க வாய்ப்பு உண்டு. புல்மன்-ஸ்டாண்டர்ட் 1947 முதல் 1963 வரை கட்டிய பிஎஸ்-1 பாக்ஸ்கார் ஒரு லட்சத்துக்கும் மேல். அதை வாங்காத பெரிய ரயில்ரோடு குறைவு. எக்ஸ் 29-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். பால்டிமோர் அண்ட் ஒஹையோவின் எம்-26 ஏறக்குறைய அதே பெட்டிதான். அந்த உடலில் பால்டிமோர் பெயர் இருந்தால் நான் சந்தோஷமாக வாங்குவேன்.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி ‘இந்த ரயில்ரோட்டுக்கு இந்த நிறம் இருந்ததா’ என்பது இல்லை. அதற்குப் பதில் பெரும்பாலும் ஆமாம் என்றுதான் வரும். இந்த உடல், இந்தப் பெயின்டில், இந்த எண்ணோடு, நான் வைத்திருக்கும் வருடத்தில் இருந்ததா என்று கேட்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று பிசகினாலும் அதை அமெரிக்க மாடல்காரர்கள் ‘ஃபூபி’ என்று கூப்பிடுகிறார்கள். எண்ணைச் சரிபார்க்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. அஃபிஷியல் ரயில்வே எக்விப்மென்ட் ரெஜிஸ்டர் என்று ரயில்வேக்களே பயன்படுத்திய பட்டியல். எந்த ரயில்ரோட்டின் எந்த எண் முதல் எந்த எண் வரை என்ன வகைப் பெட்டி, உள்ளே எத்தனை அடி உயரம், எத்தனை பெட்டி மிச்சம் இருக்கிறது என்று எல்லாம் இருக்கும். 1950-களின் மறுபதிப்பு ஒன்றை என் மேசையிலேயே வைத்திருக்கிறேன். யாருக்காவது எண் பார்க்க வேண்டுமென்றால் கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

வேகன்_பெயின்டர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மாடல் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. பேரன் மூலம் இங்கே வந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் ரயில்வே பணிமனையில் வேகன்களுக்குப் பெயின்ட் அடித்து எழுத்து எழுதியவன். அமெரிக்கப் பெட்டிகளைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் வேலை எங்கும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் ‘1954-ல் புதிய சின்னம் வந்தது’ என்று பேசுவதைக் கேட்டால், அந்த வருடமே எல்லாப் பெட்டியும் மாறிவிட்டது போல ஒரு எண்ணம் வருகிறது. அப்படி நடக்காது. புதிய உத்தரவு வந்த பிறகு பெரிய பழுதுபார்ப்புக்கு வரும் வேகனுக்குத்தான் புதிய எழுத்து. ஓடிக்கொண்டிருக்கும் வேகனை எழுத்துக்காக யாரும் நிறுத்த மாட்டார்கள். அது நின்றால் வருமானம் நின்றது.

இன்னொன்று. முழுப் பெயின்டுக்கு நடுவில் வேகன் பல முறை எங்கள் கைக்கு வரும். அப்போதெல்லாம் முழுவதும் அடிக்க மாட்டோம். ஓவர்ஹால் தேதியும் அடுத்த முறை திரும்ப வேண்டிய தேதியும் எழுத ஒரு சின்னக் கட்டம் மட்டும் அடித்து அதன் மேல் ஸ்டென்சில் போடுவோம். வெயிலில் வெளுத்த வேகனில் அந்தக் கட்டம் மட்டும் புதிதாக, அடர்த்தியாகத் தெரியும். பேரன் வைத்திருக்கும் மாடல்களில் நான் முதலில் தேடியது அதைத்தான். எதிலும் இல்லை. எல்லாம் அன்றைக்குத்தான் பணிமனையிலிருந்து வெளியே வந்தது போல இருந்தன.

நம் நாட்டு வேகனின் பதினோரு இலக்க எண்ணிலேயே கட்டிய வருடம் இருக்கும். ஐந்தாவது, ஆறாவது இலக்கம். அங்கே எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிகாகோ_யார்டு எழுதியது:

ஐயா, நீங்கள் இங்கே வந்ததற்கு நாங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும். நீங்கள் சொன்னது அப்படியே அங்கும் பொருந்தும்.

அங்கே எண்ணில் வருடம் இல்லை. கட்டிய மாதமும் வருடமும் தனியாகப் பக்கத்தில் எழுதியிருக்கும். அதைவிடச் சுவையானது எடைத் தேதி. சரக்குக் கட்டணம் எடையை வைத்து. ஏற்றிய பெட்டியின் எடையிலிருந்து காலிப் பெட்டியின் எடையைக் கழித்தால்தான் சரக்கின் எடை வரும். மரப்பலகை ஈரம் குடிக்கும், பழுதுபார்க்கும்போது இரும்பு கூடும், காலி எடை மாறும். அதனால் சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடி எடைபோட்டு, எடைபோட்ட இடத்தின் குறியீட்டையும் தேதியையும் புதிதாக எழுத வேண்டும். நீங்கள் சொன்ன அதே புதுக் கட்டம்! கட்டிய புதிதில் அந்த இடத்தில் ‘நியூ’ என்று இருக்கும். 1948-ல் கட்டிய பெட்டி 1956-ல் இன்னும் ‘நியூ’ என்று சொல்லிக்கொண்டு ஓடுவதுதான் மாடல் கம்பெனிகள் செய்யும் தவறுகளில் பரவலானது. யாரும் கவனிக்காத தவறும் அதுதான்.

எச்ஓ_எண்பத்தேழு எழுதியது:

பெயின்டர் ஐயாவின் பதிவுக்குப் பிறகு நான் ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டும். மேசைரயில் நண்பருக்கு நிழல் கீஸ்டோன் டீகால் (பெட்டியில் ஒட்டும் மெல்லிய அச்சுப் படம்) வாங்கச் சொல்லலாம் என்று இருந்தேன். இப்போது யோசித்தால், 1956-ல் ஒரு சாதாரண எக்ஸ் 29 பழைய வட்டக் கீஸ்டோனோடு நிற்கத்தான் வாய்ப்பு அதிகம். புதிய சின்னம் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருக்கிறது. இன்னும் நாலு எக்ஸ் 29 வாங்கினால் அதில் ஒன்றை நிழல் கீஸ்டோனாக வையுங்கள், மீதி எல்லாம் வட்டம்.

கூடவே ஒன்று. இந்தப் பெட்டிகளின் பக்கத் தகடு அடிப்பகுதியில் துருப்பிடித்து, அங்கே ஒட்டுத் தகடு வைத்துத் தைத்திருப்பார்கள். முப்பது வருடப் பெட்டிக்கு அது இருந்தால்தான் அழகு.

பழுப்புப்பெட்டி எழுதியது:

சின்னம், தேதி, எண் எல்லாம் பேசிவிட்டீர்கள். அந்தப் பழுப்பு எந்தப் பழுப்பு என்று யாரும் கேட்கவில்லையே! பதினைந்து வருடமாக நான் இதற்குள்தான் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுத அனுமதியுங்கள்.

முதலில் ஏன் பழுப்பு என்று பார்ப்போம். அது இரும்பு ஆக்சைடு, நம் ரெட் ஆக்சைடுதான். விலை குறைவு, வெயிலுக்கு நிறம் அவ்வளவு சீக்கிரம் போகாது, துரு வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு அடிக்க வேண்டியவன் வேறு எதை வாங்குவான்? அதனால்தான் பெரும்பாலான ரயில்ரோடுகளில் பாக்ஸ்கார் என்றால் பழுப்பு. ‘பாக்ஸ்கார் ரெட்’ என்ற பெயரில் மாடல் பெயின்ட் குப்பி வாங்கி, ஒரே குப்பியில் எல்லா ரயில்ரோட்டையும் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு ரயில்ரோட்டுக்கும் தனித்தனிப் பழுப்பு உண்டு. சிலது ஆரஞ்சுப் பக்கம் சாயும், சிலது சாக்லேட் பக்கம். ஒரே ரயில்ரோட்டிலும் பத்து வருடத்துக்கு முன்னால் வாங்கிய பெயின்ட் வேறு, இன்றைக்கு வாங்கியது வேறு.

ஃப்ளோக்வில் என்ற மாடல் பெயின்ட் வரிசை இருந்தவரை பலரும் அந்தக் குப்பியின் பெயரையே ஆதாரமாக வைத்து வாதாடினார்கள். 2013-ல் அதை நிறுத்திவிட்டார்கள். அன்று நான் உண்மையாகவே வருந்தினேன். ஆனால் அதற்குப் பிறகுதான் நானே கலந்து பார்த்து, கண்ணைப் பழக்கத் தொடங்கினேன்.

சரி, கண்ணை எதில் பழக்குவது? ஜாக் டெலனோ என்ற புகைப்படக்காரர் 1942, 1943-ல் அமெரிக்க அரசின் போர்த் தகவல் அலுவலகத்துக்காக ரயில்வேக்களைப் படம் எடுத்தார். அவற்றில் சில கோடக்ரோம் வண்ணப்படங்கள். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் அவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. சிகாகோ அருகே ப்ரோவைசோ யார்டை மேலிருந்து எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். வரிசை வரிசையாக பாக்ஸ்கார்கள். எல்லாம் ‘பழுப்பு’. ஆனால் செங்கல், காய்ந்த மிளகாய், காபித்தூள், கிட்டத்தட்ட கரி என்று பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகூட ஒன்றுபோல் இல்லை. கூரை ஒரு நிறம், பக்கம் ஒரு நிறம். வெள்ளை எழுத்து சிலவற்றில் பளிச்சென்று இருக்கும், சிலவற்றில் புகைக்கரியில் மறைந்தே போயிருக்கும்.

அதனால் என் கருத்து இது. கம்பெனி கொடுக்கும் பழுப்பு சரியா தவறா என்று ஒரு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. ஃபிலிமும் நிறம் மாற்றும், ஸ்கேனரும் மாற்றும், நம் அறை விளக்கும் மாற்றும். பத்துப் பெட்டிகளை வரிசையாக நிறுத்துங்கள். பத்தும் ஒரே பழுப்பாக இருந்தால் அது நிச்சயம் தவறு.

தடம்_1978 எழுதியது:

நீங்கள் எல்லோரும் நீராவிக் காலத்து ஆட்கள். என் லே-அவுட் 1978. அங்கே இந்தக் கேள்வி வேறு மாதிரி வருகிறது. நீங்கள் ‘சீக்கிரம் வந்துவிட்ட பெயின்ட்’ பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு ‘இன்னும் போகாத பெயின்ட்’தான் வேலை.

பென்சில்வேனியாவும் நியூயார்க் சென்ட்ரலும் 1968 பிப்ரவரி 1-ல் சேர்ந்து பென் சென்ட்ரல் ஆயின. அது 1970 ஜூனில் திவால். 1976 ஏப்ரல் 1-ல் அது கான்ரெயில் என்ற புதிய கம்பெனிக்குப் போனது. இரண்டு வருடம் கழித்து என் யார்டில் எல்லாப் பெட்டியும் கான்ரெயில் பழுப்பில் இருக்க வேண்டுமா? இல்லவே இல்லை. பென் சென்ட்ரலின் பச்சை, மறைந்துபோன ஈரி லாக்கவன்னா ரயில்ரோட்டின் பெயர், மங்கிய கீஸ்டோன் எல்லாமே இன்னும் ஓடுகின்றன. பழைய எழுத்தின் மேல் ஒரு கட்டம் அடித்துப் புதிய உரிமையாளர் எழுத்தையும் எண்ணையும் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். குட்டிரயில் அண்ணா, உங்கள் மகளின் வான நீலம் என் யார்டுக்குத் தாராளமாக வரலாம். அந்த ரயில்ரோடு போய் எட்டு வருடம் ஆகியும் அந்த நீலம் வெளுத்துக்கொண்டே ஓடியது.

ஆனால் என் காலத்துக்கு வேறு சோதனைகள் உண்டு. 1967-லிருந்து ஏசிஐ என்ற வண்ணப் பட்டைக் குறி. தடத்தோரக் கருவி படிக்க வேண்டும் என்று எல்லாப் பெட்டியிலும் ஒட்டினார்கள். அழுக்குப் படிந்ததும் கருவியால் படிக்க முடியாமல் 1977-ல் கைவிட்டார்கள். கைவிட்டாலும் குறிகள் பெட்டியிலேயே இருந்தன, அதனால் 1978-லும் வேண்டும். அடுத்தது 1978-க்கு மட்டுமே உரிய அடையாளம், கறுப்புச் சதுரத்தில் மஞ்சள் புள்ளி. ஒரு குறிப்பிட்ட வகைச் சக்கரம் உடையும் அபாயம் இருந்ததால் எல்லாப் பெட்டியையும் அந்த வருடம் சோதித்தார்கள். அந்தச் சக்கரம் இல்லாவிட்டால் மஞ்சள் புள்ளி, இருந்தால் வெள்ளைப் புள்ளி. ‘1956’ என்று பெட்டி மேல் அச்சிட்டு, பக்கத்தில் இந்த மஞ்சள் புள்ளியையும் வைத்து விற்ற ஒரு மாடலை நானே வாங்கியிருக்கிறேன். 1966-க்குப் பிறகு கட்டிய பாக்ஸ்காருக்குக் கூரையில் நடைபலகையும் கிடையாது. அதையும் பாருங்கள்.

குட்டிரயில் எழுதியது:

நீலத்துக்கு இடம் கொடுத்த தடம்_1978 அவர்களுக்கு மகள் சார்பில் நன்றி. இப்போதே அவளிடம் சொல்லிவிட்டேன். ‘அப்போ நம்ம ரயில் 1978’ என்று முடிவு செய்துவிட்டாள். மஞ்சள் புள்ளி அவளே வைக்கிறாளாம்.

என் முதல் பதிவில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது. நீங்கள் பெட்டியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, அது எப்போது உண்மை என்று சொல்கிறீர்கள். ஒரு சந்தேகம் மட்டும். அந்த பீர் விளம்பரத்தை ஏன் தடை செய்தார்கள்? விளம்பரத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

எச்ஓ_எண்பத்தேழு எழுதியது:

பெட்டி வாடகைக் கம்பெனி ஒரு சரக்குக்காரருக்கு ரீஃபரைக் கொடுத்து, அதில் இலவசமாக அவர் விளம்பரத்தையும் எழுதிக்கொடுத்தால் அது மறைமுகமான கட்டணத் தள்ளுபடிதான் என்று கமிஷன் பார்த்தது. தள்ளுபடி சட்டப்படி குற்றம். இன்னொரு தொல்லையும் இருந்தது. திரும்பி வரும்போது அந்தப் பெட்டியில் வேறு ஒருவரின் சரக்கை ஏற்ற வேண்டும். தன் வெண்ணெய் அடுத்தவன் பெயர் எழுதிய பெட்டியில் போய் இறங்குவதை யார் விரும்புவார்? பெட்டி காலியாகத் திரும்பும். சொந்தப் பெட்டி வைத்திருந்த கம்பெனிகள் தங்கள் பெயரைத் தொடர்ந்து எழுதிக்கொண்டன.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், மேசைரயில் நண்பரின் பட்டியலைப் பார்த்ததிலிருந்து மனதில் இருக்கிறது. தவறான பெயின்டை எல்லாம் நீக்கி, தேதியையும் திருத்தி ஆறு பெட்டியையும் சரிசெய்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ரயில் தவறாகவே இருக்கும். ஆறில் நான்கு பளிச்சென்ற வண்ணம். 1956-ல் ஒரு சரக்கு ரயிலைத் தடத்தோரம் நின்று பார்த்தால் பழுப்பு, பழுப்பு, பழுப்பு, ஒரு கறுப்பு டேங்க் கார், பழுப்பு, ஒரு ஆரஞ்சு ரீஃபர், மறுபடி பழுப்பு. நாடு முழுவதும் பெட்டிகள் ஒருவருக்கொருவர் மாறிக்கொண்டே இருந்ததால், பெரிய ரயில்ரோட்டின் பெட்டி எங்கும் அதிகம் வரும். உங்கள் ஊரில் சொந்த பென்சில்வேனியா பெட்டிகள் இன்னும் அதிகம். அந்தக் கூட்டத்தில் ஸ்டேட் ஆஃப் மெய்ன் ஒன்றே ஒன்று வந்தால் ஊர்ச் சிறுவர்கள் வேலியோரம் ஓடி வந்து பார்த்திருப்பார்கள். நான்கில் ஒன்று கொடிப் பெட்டி என்றால் யாருக்கும் அது அதிசயமாகத் தெரியாது. நம் கடைகளில் பழுப்பு விற்காமல் கிடக்கிறது, வண்ணம் முதலில் தீர்ந்துவிடுகிறது. எல்லோருடைய லே-அவுட்டும் அதனால்தான் திருவிழா போல ஆகிவிடுகிறது.

மேசைரயில் எழுதியது:

இரண்டு நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, நேற்று ராத்திரி வேலையைத் தொடங்கிவிட்டேன்.

வான நீலத்தைக் குட்டிரயில் அண்ணாவுக்குக் கொடுக்கிறேன், 1978-ல் அது இன்னும் நன்றாக ஓடட்டும். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். பீர் ரீஃபரின் எழுத்தை எடுத்துவிட்டு ஆரஞ்சு அடித்து பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸ் என்ற ரீஃபர் கம்பெனியின் பெட்டி ஆக்கலாமா என்று யோசித்தேன். இந்த உடல் அவர்கள் ரீஃபரோடு பொருந்துகிறதா என்று சிகாகோ_யார்டு ரெஜிஸ்டரில் பார்த்துச் சொன்ன பிறகுதான் கை வைப்பேன். ஸ்டேட் ஆஃப் மெய்னை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன், எப்போதாவது ஒருமுறைதான் வரும்.

எக்ஸ் 29-ஐ ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறப்போட்டு எழுத்தை எடுத்தாயிற்று. கீழே ஒட்டுத் தகடுகளுக்கு மெல்லிய ஸ்டைரீன் பிளாஸ்டிக் வெட்டி ஒட்டினேன். பழுப்புப்பெட்டி சொன்னபடி கூரைக்கு ஒரு நிறம், பக்கத்துக்கு ஒரு நிறம். பளபளப்பு வார்னிஷ், அதன் மேல் வட்டக் கீஸ்டோன் டீகால். இப்போது எடைத் தேதிதான் பாக்கி. எந்தத் தேதி போடலாம்? அசலில் 1 அங்குல எழுத்து என்றால் எச்ஓ-வில் 0.3 மில்லிமீட்டர்கூட வராது. என் கண்ணுக்கே தெரியாது, ஆனாலும் போட்டுவிட வேண்டும் என்று இருக்கிறது.

சிகாகோ_யார்டு எழுதியது:

1955-ல் ஏதாவது ஒரு மாதம் போடுங்கள். எண்கள் மட்டும் உள்ள டீகால் தாள் ஒன்று என்னிடம் பாதி மிச்சம் இருக்கிறது, அடுத்த வாரம் அனுப்பிவிடுகிறேன். ரீஃபரின் படம் ஒன்று போடுங்கள், கதவுக் கீலும் கூரை ஐஸ் மூடியும் தெரிகிற மாதிரி. பார்த்துச் சொல்கிறேன்.

வேகன்_பெயின்டர் எழுதியது:

தம்பி, எழுத்து தெரியாவிட்டால் பரவாயில்லை. அதற்கு முன்னால் அந்தக் கட்டத்தை அடிக்க மறந்துவிடாதே. பக்கத்தைவிட ஒரு சாயல் அடர்த்தியாக இருக்கட்டும், ஓரம் நேராக இருக்கட்டும். அது தூரத்திலிருந்தே தெரியும்.